பசியடக்கியா, பஞ்ச உணவா? – கல்லிமுளையானின் இரு வரலாறுகள்

பங்காருபேட்டையின் பழைய பெயர் பௌரிங்பேட்டை. 1862 முதல் 1870 வரை மைசூரின் ஆணையராக இருந்த பௌரிங்கின் பெயரால் அமைந்தது அது. ஊர்ப்பெயர் ஆட்சியாளரை நினைவூட்டியது. செடிப்பெயரோ அதை உண்டவர்களை நினைவூட்ட வல்லது. கல்லிமுளையான் அத்தகைய ஒரு செடி.

தென்னிந்தியாவின் வறண்ட பாறை நிலங்களில் வளரும் இதனை, 1795-இல் வெளிவரத் தொடங்கிய தம் கோரமண்டல் தாவர நூலில் ராக்ஸ்பரோ விவரித்தார். அவர் பதிவுசெய்த ‘காரல்லம்’ என்னும் தெலுங்குப் பெயரிலிருந்தே ‘காரல்லுமா’ என்ற பேரினப் பெயர் பிறந்தது. இன்றைய விளம்பரங்கள் இதனை ‘இந்தியக் கள்ளி’ என்கின்றன. உண்மையில் இது அமெரிக்கக் கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, எருக்கின் உறவு.

அவ்விளம்பரங்கள் சொல்லும் வரலாறு எளியது: பழங்குடியினர் வேட்டைக்குச் செல்லும்போது பசியை அடக்க இதனை மென்றனர், ஆகவே இது இயற்கை தந்த பசியடக்கி. இதே செடி பஞ்ச உணவாகவும் குறிப்பிடப்படுகிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல. பஞ்சத்தில் ஒருவர் காட்டுத் தண்டைத் தின்பது உண்ணும் விருப்பத்தைக் குறைப்பதற்காக அன்று. உண்ண வேறொன்றும் இல்லாமையால்.

1876–78 பஞ்சத்தை நினைத்துப் பார்க்கலாம். சென்னை மாகாண நிவாரணப் பணிகளில் ஓர் ஆணின் நாட்கூலி, ஏறத்தாழ 450 கிராம் தானியமும் அதனோடு ஓரணாவும் என 1877-இல் குறைக்கப்பட்டது. சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனை எதிர்த்தார். 1871-இல் 50.5 இலட்சமாக இருந்த மைசூரின் மக்கள்தொகை, 1881-இல் 41.8 இலட்சமாகச் சுருங்கியிருந்தது. பங்காருபேட்டையை அடுத்த தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் காலூன்றியபோது, வட ஆர்க்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கியோர் இந்தப் பஞ்சத்தைக் கண்ட தலைமுறையினர்.

செடிச்சாற்றின் ஆற்றலை இதனால் மறுக்க வேண்டியதில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேர் இரு பிரிவாகி 60 நாள் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 1 கிராம் சாறு உட்கொண்டோரிடம், வெற்று மருந்து பெற்றோரைவிடப் பசியுணர்வும் இடுப்புச் சுற்றளவும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. உடல் எடையிலும் உட்கொண்ட ஆற்றலிலும் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. செடியிலுள்ள பிரெக்னேன் கிளைக்கோசைடுகள் மூளையின் பசி மையத்தில் செயல்படுவதாகக் கருதப்படுகிறது. சோதனை காட்டியது இவ்வளவே. விளம்பரம் இதைவிடக் கூடுதலாகப் பேசுகிறது.

தென்னாப்பிரிக்காவின் ஹூடியாவும் இதே குடும்பத்தது. அதன் பசியடக்கும் பொருளுக்கு அந்நாட்டு அரசு ஆய்வகம் காப்புரிமை கோரியபோது, அந்த அறிவுக்கு உரிய சான் மக்கள் கலந்தாலோசிக்கப்படவில்லை. அவர்கள் போராடி, 2003-இல் பயன்பகிர்வு ஒப்பந்தம் பெற்றனர்.

நம் செடிக்கும் அக்கேள்வி உண்டு. ‘பழங்குடியினர் மென்றனர்’ என்னும் ஒற்றை வரியில் எந்த மக்கள், எந்த ஊர், எந்த ஆண்டு என்பன இல்லை. அவை இல்லாதவரை யாருக்குப் பங்கு தருவது என்றே தீர்மானிக்க இயலாது. பெயரற்ற மரபு விளம்பரத்துக்கு வசதியானது. உரிமை கோர எவரும் வரமாட்டார்கள். ஆகவே, இச்செடியின் வட்டாரப் பெயர்களையும் அவற்றை வழங்குவோரையும் ஊர்வாரியாகப் பதிவுசெய்வது மொழியாய்வுப் பணி மட்டுமன்று; உரிமைக்கான ஆவணமும் ஆகும்.