ஹம்மாம் சாம்பலில் வெந்த அவரை

மிஸ்ரை நீங்கிய பனூ இஸ்ராயீலர்கள் மூஸா (அலை) அவர்களிடம் ஏங்கிக் கேட்டவற்றுள் பருப்பும் வெங்காயமும் உண்டு (அல்குர்ஆன் 2:61). அவரை அங்கே கூறப்படவில்லை. ஆயினும் இன்று அந்நாட்டார் காலையிலும் ஸஹரிலும் விரும்பி உண்பது ‘ஃபூல் முதம்மஸ்’ எனும் அவரைக் கூட்டையே.

‘முதம்மஸ்’ என்பது, புதைக்கப்பட்டது எனும் பொருளுடைய கிப்தி மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பர். எங்கே புதைத்தனர்? கெய்ரோவின் பொதுக் குளியலகங்களான ஹம்மாம்களின் உலைகளில். நீரைச் சூடாக்க நகரத்துக் குப்பைகளை எரித்தனர். அந்தத் தணலில், கழுத்துக் குறுகிய பானைகள் இரவெல்லாம் கிடந்தன. விறகு வாங்க இயலாத ஏழைக்கும் விடியலில் சுடச்சுட உணவு கிட்டியது. ஹம்மாம்கள் அருகிவிட்டன; சிறிய உருண்டை அவரைக்கு மட்டும் ‘ஃபூல் ஹம்மாம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நம் அடுக்களையில் தணல் ஏது? உலர்ந்த அவரையை இரவில் ஊறவைத்து, மறுநாள் சிறுதீயில் பல மணி நேரம் வேகவிடுகிறோம். சீரகம், பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய் சேர்த்துப் பாதி மசித்தால் ரொட்டிக்கு இணை வேறில்லை.

ஆனால் ஜி6பிடி நொதிக் குறைபாடு உடையோருக்கு இவ்வவரை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். பரம்பரையாக வரும் அக்குறை வீட்டில் எவருக்கேனும் இருப்பின், குறிப்பாகச் சிறார்க்கு, இதனைத் தரலாகாது.