1903, ஜெனரல் ஆஸ்பத்திரி: இரண்டு புள்ளிகளின் கதை

போன ஞாயிற்றுக்கிழமை என் பையனோடு சேர்ந்து மைக்ரோஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்தேன். ஒரு சொட்டு அயோடின் விட்டதும் செங்கல் அடுக்கின மாதிரி செல் சுவர்கள், உள்ளே மஞ்சளாக ஒரு உட்கரு. அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் நோட்டில் மைட்டோகாண்ட்ரியாவையும் சேர்த்து வரைந்துவிட்டான். கேட்டால், "புக்ல இருக்கேப்பா!"

எனக்கு உடனே சார்லஸ் டோனோவன் ஞாபகம் வந்தது. மயிலாப்பூர்க்காரர்கள் அடிக்கடி தாண்டிப் போகும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை 1911-இல் வந்தபோது அதன் முதல் கண்காணிப்பாளர் அவர்தான். ஆனால் அவர் பெயர் நிலைத்தது அதற்கு எட்டு வருஷம் முன்னால், சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜெனரல் ஆஸ்பத்திரியில்.

கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். அப்போது ஒரு காய்ச்சல் ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. வாரக்கணக்கில் ஜுரம், உடம்பு வற்றிப்போகும், மண்ணீரல் மட்டும் பெரிதாக வீங்கும். வடக்கே இதற்குக் காலா அசார் என்று பெயர். பலரும் இதை மலேரியா என்றே நினைத்தார்கள். கொயினா கொடுத்தும் பலனில்லை.

1903 ஏப்ரலில், இறந்துபோன நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த ஸ்லைடுகளில் டோனோவன் சின்னச் சின்ன முட்டை வடிவப் பொருட்களைப் பார்த்தார். நீளம் 2 முதல் 4 மைக்ரான், அதாவது ஒரு சிவப்பணுவில் பாதிகூட இருக்கலாம். சாயம் ஏற்றினால் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு புள்ளிகள். ஒன்று பெரிசு, உருண்டை. இன்னொன்று குட்டிக் கோடு.

மே 30-ஆம் தேதி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வில்லியம் லீஷ்மன் எழுதிய கட்டுரை வந்தது. டம் டம்மில் வேலை பார்த்து, இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அவரும் இதே உருவங்களைப் பார்த்திருந்தார். அவை சிதைந்துபோன டிரிப்பனோசோம்கள் என்பது அவர் கணிப்பு. ஏற்கனவே தெரிந்த ஒரு கிருமி, செத்து உருமாறிக் கிடக்கிறது என்று பொருள்.

இதைச் சோதிக்க உயிரோடு இருப்பவரின் ரத்தம் வேணும். ஜூன் 17-ஆம் தேதி ஒரு சிறுவனின் மண்ணீரலில் டோனோவன் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். இது விளையாட்டு இல்லை. வீங்கின மண்ணீரலில் குத்தினால் உள்ளே ரத்தம் கசிந்து உயிரே போகலாம்.

ஸ்லைடில் அதே இரண்டு புள்ளிகள். உயிரோடு இருக்கும் உடம்பிலிருந்து வந்தவை என்பதால், சாவுக்குப் பின் சிதைந்தவை என்ற விளக்கம் நிற்கவில்லை. ஜூலை 11-ஆம் தேதி இதே இதழில் எழுதினார். ஸ்லைடுகளைப் பார்த்த ரொனால்ட் ராஸ், இது புது உயிரி என்று சொல்லி நவம்பரில் 'லீஷ்மேனியா டோனோவானி' என்று இருவர் பெயரையும் சேர்த்து வைத்தார்.

ஊசியைத் தாங்கின பையனுக்கு இந்தப் பெயரில் இடமில்லை. அவனுக்குக் கொடுக்க அன்று மருந்தும் இல்லை. உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் யூரியா ஸ்டிபமைன் புழக்கத்துக்கு வர 1920-கள் ஆயிற்று. ஆனால் எது மலேரியா, எது இல்லை என்று ஸ்லைடைப் பார்த்துச் சொல்ல அன்றிலிருந்தே முடிந்தது. மருந்து தேடினவர்களுக்கு அதுதான் முதல் படி.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். பாதி கேட்டான். அப்புறம் ரப்பரை எடுத்து மைட்டோகாண்ட்ரியாவை அழித்தான். "மார்க் போச்சுன்னா நீதான் பொறுப்பு" என்றான். சரி என்றேன்.