பொந்தும் வளையும்: வளர்ப்பு டரான்டுலாக்களின் இரையெடுப்பு வேறுபாடு குறித்து ஒரு மறுவாசிப்பு

வளர்ப்பு டரான்டுலாக்களைப் பற்றிய எழுத்துகளில் ஒரு பாகுபாடு கேள்விக்கு இடமின்றி நிலைபெற்றுவிட்டது. மரவாழ்விகள் பெருந்தீனிக்காரர்கள், இரை அசைந்ததும் பாய்பவை; மண்வாழ்விகள் மந்தமானவை, மாதக்கணக்கில் பட்டினி கிடப்பவை. முதல் அணிக்கு இந்தியா, இலங்கைக் காடுகளின் பொசிலோதீரியா எடுத்துக்காட்டு. இரண்டாவதற்கு மெக்சிகோவின் பிராக்கிபெல்மா. இப்படி ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அது இனத்தின் சுபாவத்திலிருந்து வருகிறது என்ற விளக்கம்தான் ஐயத்துக்குரியது. தோலுரிப்பின் கட்டம், சிலந்தியின் வயதும் பாலும், அது பதுங்கும் இடத்தின் அமைப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தால், சுபாவத்தின் பங்காக எஞ்சுவது மிகக் குறைவு என்பது இக்கட்டுரையின் வாதம். இதைச் சோதிக்கத் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது. ஒருபுறம் மேகமலையும் பெரியாற்றுக் காடும். மறுபுறம் பழனிமலைத் தொடர். அத்தொடரிலுள்ள கொடைக்கானலிலிருந்துதான் பிரெஞ்சு அறிஞர் யூஜின் சைமன் 1892இல் ஹாப்லோகிளாஸ்டஸ் செர்வினஸ் என்ற பெருஞ்சிலந்தியை விவரித்தார். அது வளை தோண்டும் இனங்களைக் கொண்ட பேரினம். மரப்பொந்தில் வாழும் பொசிலோதீரியாக்களில் சிலவோ மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வாழ்பவை. ஆக, பாகுபாட்டின் இரு அணிகளும் கடல் தாண்டாமல் நம் மலைகளிலேயே இருக்கின்றன.

சுபாவ வாதத்தின் களச்சான்று முழுவதும் ஒரே ஒரு குறிப்பின்மேல் நிற்கிறது. கொல்லம் மாவட்டம் செந்துருணி வனவிலங்குச் சரணாலயத்தில் பொசிலோதீரியா ரூஃபிலாட்டா என்ற மரச்சிலந்தி, கெலார்ட் பெயர் தாங்கிய சிறு வௌவால் ஒன்றை இரையாக்கியதை 2012இல் வெளியான அக்குறிப்பு பதிவு செய்கிறது. பதிவின் நம்பகத்தன்மையில் எனக்கு ஐயமில்லை. அதிலிருந்து எடுக்கப்பட்ட முடிவில்தான் சிக்கல். முதுகெலும்பியை உண்ணத் துணியும் பசி பொசிலோதீரியாவின் பிறவிக்குணம் என்றும், அடைத்து வளர்க்கும்போது அது காட்டும் ஆவேசம் அதே குணத்தின் வெளிப்பாடு என்றும், எனவே எலிக்குஞ்சு போன்ற இரையும் அதற்கு இயல்பான தீனியே என்றும் ஒரு சங்கிலி கோக்கப்பட்டது. ஒரு வௌவால், ஒரு சிலந்தி, ஓர் இடம்: இவ்வளவுதான் சான்று. அந்தச் சிலந்தி கடைசியாக எப்போது உண்டது, எப்போது தோலுரித்தது என்பவை, எந்தத் தற்செயல் களக்காட்சியிலும் போலவே, இங்கும் நம் கைக்கு எட்டாதவை. இரண்டும் தெரியாமல் ஒரு கவ்வலைப் பசியின் அளவாகக் கொள்ள முடியாது.

அந்த நிகழ்வை வேறு விதமாகவும் வாசிக்கலாம். அதுவே சரியான வாசிப்பு என்பது என் துணிபு. கெலார்ட் வௌவால் பத்துக் கிராமுக்கும் குறைவான எடையுள்ள சிற்றுயிர். பகலில் மரப்பொந்து, பட்டைப் பிளவு, கட்டடச் சந்து போன்ற இடங்களில் அடைகிறது. பொசிலோதீரியாவின் பகலிருப்பும் அதே பொந்தும் பிளவும்தான். அந்தி சாயும் வேளையில் இரண்டும் ஒரே வாசலுக்கு வருகின்றன: ஒன்று வெளியே பறக்க, மற்றது விளிம்பில் கால் பரப்பி அதிர்வுக்குக் காத்திருக்க. சிலந்தி வௌவாலைத் தேடிப் போகவில்லை. தன் வாசலில் அசைந்ததைக் கவ்வியது. பொந்துக்குள் கரப்பான் வந்திருந்தால் கரப்பானைக் கவ்வியிருக்கும். வளைவாழ் சிலந்தியும் தன் வாசல் நூலில் கால் வைத்தபடி இதையேதான் செய்கிறது. அதன் வாசலுக்கு வௌவால் வருவதில்லை, அவ்வளவே. இரண்டின் இரைப்பட்டியல் வேறுபடுகிறது என்றால், வேறுபாடு பட்டியலை நிரப்பும் இடத்தில் இருக்கிறது.

நிஃபெலர், நோர்ன்ஷில்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2013இல் உலகெங்கும் சிலந்திகள் வௌவாலைப் பிடித்த 52 பதிவுகளைத் தொகுத்தபோது கிடைத்த கணக்கு இந்த வாசிப்புக்குத் துணை நிற்கிறது. ஏறத்தாழ 88 விழுக்காடு வலைபின்னும் சிலந்திகளின் வேலை. வலையின்றி வேட்டையாடுபவை எஞ்சிய 12 விழுக்காடு. வலைச்சிலந்திக்கு வௌவால்மேல் தனிப்பசி உண்டென்று எவரும் சொல்வதில்லை. பறக்கும் பாதையில் வலை இருந்தது, விழுந்தது. அங்கே இடத்தைக் காரணமாகக் காட்டிவிட்டு, பொசிலோதீரியாவுக்கு மட்டும் சுபாவத்தைக் காரணமாகச் சொல்வது எந்த அளவுகோலில் நியாயம்? இந்தப் பிழைக்கு மூன்று நூற்றாண்டு வயது. மரியா சிபில்லா மேரியன் 1705இல் வெளியிட்ட சூரிநாம் நூலில், கொய்யாக் கிளையில் ஒரு பெருஞ்சிலந்தி ரீங்காரச்சிட்டைத் தின்னும் படம் உண்டு. அதை நம்பியவர்கள் பெருஞ்சிலந்திகளையே பறவைதின்னிகள் ஆக்கினார்கள். நம்பாதவர்கள் மேரியனைப் பொய்க்காரி ஆக்கினார்கள். 1863இல் இயற்கையியலாளர் பேட்ஸ் அமேசான் பகுதியில் மரத்தின் பிளவொன்றில் இரு சிறு பறவைகள் சிலந்தியிடம் சிக்கியதைக் கண்டதாக எழுதியதும் மேரியனின் மானம் மீண்டது. ஆனால் மூவருமே, படம் வரைந்தவரும் மறுத்தவரும் மீட்டவரும், சிலந்தி எதைத் தின்கிறது என்றே பேசினார்கள். மேரியன் காட்டியது கிளை, பேட்ஸ் கண்டது மரப்பிளவு, செந்துருணியிலும் மரவாழ்விதான் என்ற ஒற்றுமை கண்ணெதிரே இருந்தும் கவனிக்கப்படாமலேயே போனது.

களத்திலிருந்து கண்ணாடிப் பெட்டிக்கு வருவோம். சூழலின் வேறுபாடுகளை நீக்கி ஒரே அளவுப் பெட்டியில், ஒரே வெப்பத்தில், ஒரே சுவர்க்கோழியைப் போட்டும் பொசிலோதீரியா பாய்கிறது, பிராக்கிபெல்மா ஒதுங்குகிறது. ஆகவே எஞ்சுவது சுபாவமே என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். பெட்டி இருவருக்கும் ஒரே பெட்டி என்று கொள்வதில்தான் இந்த வாதம் சறுக்குகிறது. டரான்டுலாவின் பார்வை மங்கல். அது உலகை அறிவது கால்களின் நுண்மயிர்களாலும் ஓட்டிலுள்ள பிளவுப் புலன்களாலும்தான். மரப்பட்டையில் அதிர்வு பரவும் விதம் வேறு, தளர்மண்ணில் அது அமுங்கும் விதம் வேறு. பட்டைத்துண்டு சாய்த்து வைத்த பெட்டியில் இரையின் ஒவ்வோர் அடியும் பொசிலோதீரியாவின் காலுக்கு எட்டும். வளை தோண்ட ஆழமில்லாத இரண்டு அங்குலத் தேங்காய்நார்த் தூளில் விடப்பட்ட மண்வாழ்விக்கு வாசலே கிடையாது. வாசல் இல்லாத சிலந்தி இரையை எதிரியாகவே கொள்ளும். பிராக்கிபெல்மா பின்காலால் வயிற்றின் அரிப்பு மயிரைத் தேய்த்து உதிர்ப்பது அப்போதுதான். பொசிலோதீரியாவுக்கு அந்த மயிர் கிடையாது. அதற்குள்ள வழி ஓடுவது அல்லது கடிப்பது. தற்காப்புக் கடியையும் இரைக்கவ்வலையும் ஒரே பத்தியில் எண்ணிய பதிவுகள் இரண்டாம் அணியை மந்தம் என்றும் முதல் அணியை ஆவேசம் என்றும் எழுதியதில் வியப்பில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மரவாழ்வி எனப்படும் பொசிலோதீரியாக்களின் குஞ்சுகள், பெட்டியில் அடிமண் கொடுத்தால் பட்டையின் அடியில் மண்ணைத் தோண்டி ஒளிவது வளர்ப்போர் பலரும் அறிந்த செய்தி. மரவாழ்வு என்ற அடையாளமே வயதுக்கேற்ப மாறும்போது, அதன்மேல் கட்டிய தீனிக்குணம் எப்படி மாறாததாகும்?

தோலுரிப்பு இன்னும் பெரிய காரணி. உரிப்புக்கு முன் பல நாள், முதிர்ந்தவற்றில் பல வாரம், டரான்டுலா இரையைத் தொடுவதில்லை. உரித்த பிறகு விடப்பற்கள் வெளிறி மென்மையாக இருக்கும். அவை கறுத்து இறுகும்வரை கடிக்கவும் இயலாது. அந்த நேரத்தில் விட்ட சுவர்க்கோழி சிலந்தியையே கடித்துக் குதறிவிடக்கூடும். குஞ்சுகள் சில வாரங்களுக்கு ஒருமுறையும், வளர்ந்த பெண் ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் மேலான இடைவெளியிலோ உரிக்கின்றன. எனவே இளம் பொசிலோதீரியாவையும் முதிர்ந்த பிராக்கிபெல்மாவையும் அருகருகே வைத்து ஒப்பிட்டவர் இரு இனங்களை ஒப்பிடவில்லை, இரு வயதுகளை ஒப்பிட்டார். முதிர்ந்த ஆண்களோ எந்த இனமாயினும் தீனியைக் குறைத்துக்கொண்டு துணை தேடி அலைபவை. பட்டினி கிடக்கும் திறனைப் பொறுத்தவரை, 1970இல் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் சிலந்திகளின் ஓய்வுநிலை வளர்சிதை வேகம் அதே எடையுள்ள பிற குளிரிரத்த உயிர்களினும் குறைவு என்று அளந்து காட்டினார். பட்டினியில் அது மேலும் இறங்குகிறது என்று 1974இல் இரு சிலந்தி இனங்களைக் கொண்டு காட்டினார். அமெரிக்க டரான்டுலாக்களை நெடுங்காலம் வளர்த்த பேர்க், அவை உணவின்றி இரண்டாண்டுக்கு மேல் உயிர்வாழ்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார். பட்டினி ஓர் அணியின் தனிச்சொத்து என்பதைவிடச் சிலந்தி உடலமைப்பின் பொதுச்சொத்து என்பதே இவற்றோடு பொருந்துகிறது.

ஒரு மறுப்பை முழுதாகத் தள்ள முடியாது. பொசிலோதீரியா ஓரிரு ஆண்டுகளில், மிஞ்சினால் மூன்றில், முதிர்கிறது. பிராக்கிபெல்மாப் பெண்ணுக்கு அதைப்போல் இருமடங்குக்கு மேல் ஆண்டுகள் தேவை. இருபதாண்டுக்கு மேலும் அது வாழும். விரைந்து வளரும் உடலுக்குத் தீனி அதிகம் வேண்டும். இது பரம்பரையின் வேறுபாடே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது வாழ்நாளில் விரவிக் கிடக்கும் வேகத்தின் வேறுபாடு. ஒரு மாலையில் ஒரு சிலந்தி இரையை ஏற்றதா மறுத்ததா என்பதை இது விளக்காது. சுபாவ வாதமோ அந்த மாலைகளின் கூட்டலில்தான் எழுந்தது. ஒரே இனத்தில் துணிந்தவையும் கூச்சமுள்ளவையும் உண்டே என்று தனியாளுமையைச் சுட்டுவோரும் இருக்கிறார்கள். உரிப்புத் தேதி குறிக்கப்படாத எந்தத் தரவிலும் துணிவு என்பது பசிக்கு இட்ட மறுபெயர். அதற்குமேல் அந்த மறுப்பில் நிற்கத் தேவையில்லை.

இந்த வழக்கில் பெட்டித் தரவு ஏன் இவ்வளவு மேலோங்கியது என்பதற்கு விடை வணிகத்தில் இருக்கிறது. 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த பொதியைச் சென்னை விமானநிலையச் சுங்கத்துறை பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. அவற்றில் பிராக்கிபெல்மாவும் அடக்கம் என்று அடையாளம் கண்டார்கள். தேனிக்கு அடுத்த மாவட்டத்துக்கு அனுப்பப்பட்ட இந்தக் குப்பிகள் எந்த உலகிலிருந்து வந்தனவோ, அந்த உலகில்தான் பெரும்பாலான தீனிக்குறிப்புகளும் எழுதப்பட்டன: பிறந்த காடு தெரியாத, உரிப்புக் கணக்கு விற்பனையோடு அறுந்த சிலந்திகளைப் பற்றி. பொசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019இல், வனவுயிர் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் சைட்டிஸ் இனங்களைத் தன் அட்டவணைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகையால் ஆய்வுக்கென்று பிடித்து வந்து பெட்டியில் அடைக்கும் வழி சட்டப்படியும் குறுகிவிட்டது. அதற்காக வருந்த வேண்டியதில்லை.

பிடிக்காமலே திரட்டக்கூடிய சான்று ஒன்று எப்போதும் களத்தில் கிடக்கிறது. டரான்டுலா இரையை உடலுக்கு வெளியே கரைத்து உறிஞ்சும் உயிர். எஞ்சும் வண்டின் சிறகோடு, காலின் முள், மயிர் எல்லாம் நூலோடு பின்னி ஒரு சிறு உருண்டையாக, ஏறத்தாழப் புளியங்கொட்டை போல, வாசலுக்கு வெளியே எறியப்படும். அதை நீரில் ஊறவைத்து உருப்பெருக்கியின் கீழ் பிரித்தால், எந்தப் பூச்சி, எலும்பு உண்டா என்பது தெரியும். 2004இல் ராமேசுவரத்திலிருந்து விவரிக்கப்பட்ட பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகாவின் இருப்பிடங்களில் புளியந்தோப்பும் ஒன்று. பொந்துவிட்ட முதுபுளிக்குத் தேனிச் சாலையோரங்களிலும் தோப்புகளிலும் இன்னும் முற்றிலும் பஞ்சமில்லை. மேகமலையில் பொந்துகளின் அடியிலும் பழனிமலைச் சரிவில் மண்வளைகளின் வாயிலும் ஒரே மாதங்களில், சாரல் காலத்திலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும், இந்த உருண்டைகளைத் திரட்டி ஒப்பிடும் பணியை வனத்துறை அனுமதியோடு நம் கல்லூரி விலங்கியல் துறைகள் மேற்கொள்ளலாம். அந்த ஒப்பீடு வரும்வரை செந்துருணிக் குறிப்பை ஒரு நிகழ்வின் பதிவாக மட்டுமே மேற்கோள் காட்ட வேண்டும். உரிப்புத் தேதியும் பாலும் வயதும் இல்லாத வளர்ப்புப் பதிவுகளை இன ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது.