மங்களூர் வரை வந்து திரும்பிய தாள்

அம்பத்தூரில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கட்டைப்பை இருக்கிறது. உள்ளே கல்யாணப் பத்திரிகைகள், சாமி படம் போட்ட காலண்டர் தாள்கள், அட்டை போன கந்த சஷ்டி கவசப் புத்தகம் ஒன்று. பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்குவதற்கு முன்னால் அம்மா கட்டைப் பிரித்து இவற்றையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடுவார். சாமி இருக்கிற தாளை எடைக்குப் போடக் கூடாது. கொளுத்தவும் மனசு வராது. மிச்சமிருப்பது பரண்தான்.

கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் வாழ்ந்த யூதர்களுக்கும் இதே மனசு. கடவுள் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் சுவரில் உயரே ஒரு திறப்பு உண்டு. ஏணி வைத்து ஏறி, பழைய தாள்களை அதற்குள் போட்டுவிடுவார்கள். அந்த அறைக்கு கெனிஸா என்று பெயர். வேதத் தாளுக்கென்று இருந்த வழக்கம் நாளடைவில் எபிரேய எழுத்தில் உள்ள எதற்கும் என்றாகிவிட்டது. கடன் பத்திரம், சரக்குப் பட்டியல், மணவிலக்குச் சீட்டு, கவிதை, பையன் எழுத்துப் பழகிய தாள் எல்லாம் உள்ளே போயின. பல நூற்றாண்டுகள் யாரும் அந்தப் பரணைச் சுத்தம் செய்யவில்லை. நல்லவேளை.

அங்கே போய்ச் சேர்ந்த தாள்களில் சில நம் மேற்குக் கரையைப் பார்த்துவிட்டுப் போனவை. எகிப்துத் தாள் செங்கடல் வழியாக ஏடன் துறைமுகத்துக்கு வரும். அங்கே வணிகர்களின் தலைவராக இருந்தவர் மத்மூன் இப்னு ஹசன். அவருடைய நண்பரும் கூட்டாளியுமான ஆபிரகாம் பென் யிஜு இருந்தது மங்களூரில். துனீசியாவின் மஹ்தியா ஊரில் பிறந்தவர். 1132 முதல் 1149 வரை, இடையில் சில பயணங்கள் தவிர, மலபார்க் கரையிலேயே காலம் தள்ளியவர். அங்கே ஆஷு என்ற அடிமைப் பெண்ணை வாங்கி, 1132 அக்டோபரில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவர் பிள்ளைகளின் தாய் அவளே என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இங்கிருந்து மிளகு, இரும்பு, பாக்கு, ஏலக்காய் ஏற்றுமதி. அதோடு ஒரு வெண்கலப் பட்டறையும் நடத்தினார். ஏடனிலிருந்து ஓட்டைப் பாத்திரங்களும் செம்பும் வரும். கூடவே கடிதம்: இத்தனை எடையில், இந்த வடிவத்தில் செய்து அனுப்பு. சரக்கு கொடுப்பவர் ஒருவர், கூலிக்குச் செய்துகொடுப்பவர் ஒருவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் இதற்குப் பெயர் ஜாப் ஒர்க். கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் கணக்கு இடிப்பதும் அன்றைக்கே இருந்தது. அந்தக் கடிதங்களில் வரும் கப்பல் முதலாளிகளில் ஒருவருடைய பெயரை ஆய்வாளர்கள் பட்டணசாமி என்று படிக்கிறார்கள். எபிரேய எழுத்துக்கு நடுவே அந்தப் பெயர் தட்டுப்படும்போது, தெரியாத ஊர் பேருந்து நிலையத்தில் பக்கத்துத் தெருக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

சரக்கோடு ஏடன் நண்பர்கள் அன்பளிப்பும் அனுப்புவார்கள். உலர்திராட்சை, சர்க்கரை, பிறகு வெள்ளைத் தாள். இங்கே ஓலை ஏராளம். ஆனால் எழுத்தாணியால் கீறி மை தடவுவது நம் முறை. நாணல் பேனாவால் வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய கைக்குத் தாள்தான் வேண்டும். வரும் தாளைப் பென் யிஜு வீணாக்கவில்லை. வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் பட்டறைக் கணக்கு. கணக்கு முடிந்த இடத்தில் சட்டம் பற்றிய குறிப்பு. இன்னும் இடம் இருந்தால் கவிதை. மத்மூனைப் புகழ்ந்து அவர் கட்டிய எபிரேயப் பாட்டும் கிடைத்திருக்கிறது. பெரிய கவிஞர் என்று அவரை யாரும் சொல்லவில்லை. நம்மூரில் அரிசி மண்டி நடத்திக்கொண்டே வெண்பா எழுதியவர்கள் இருந்தார்களே, அந்த ரகம்.

இதில் மொழி எப்படிப் பிரிந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வியாபாரக் கடிதம் அரபு மொழி. எழுத்து மட்டும் எபிரேயம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்களே, அரபுத்தமிழ், அதன் மறுபக்கம். பாட்டு என்று வந்தால் மொழியும் எபிரேயமாகிவிடும். தத்துவம் என்றால் மறுபடி அரபு. ஸ்பெயினில் பிறந்த இப்னு கபிரோல் எபிரேயத்தில் பாடி, அரபில் தத்துவம் எழுதினார். யூதா ஹலேவி எபிரேயக் கவிகளில் தலையாயவர். அவருடைய தத்துவ நூலான குஸாரி அரபு. மைமோனிதெஸின் 'திகைத்தோர் வழிகாட்டி'யும் அரபுதான்.

இவர்களில் யாரும் இந்தியாவுக்கு வரவில்லை. ஆனால் இந்திய வியாபாரம் அவர்கள் வீட்டுத் திண்ணை வரை போயிருந்தது. ஹலேவியின் நெருங்கிய நண்பர் ஹல்ஃபோன் பென் நெத்தனேல், ஏடனுக்கும் இந்தியாவுக்கும் ஸ்பெயினுக்கும் அலைந்த வணிகர். ஹலேவி தன் கைப்பட அவருக்கு எழுதிய கடிதங்கள் அதே கெனிஸாவிலிருந்து வெளியே வந்தன. மைமோனிதெஸின் தம்பி தாவீது வியாபாரத்துக்காகக் கிளம்பி, செங்கடல் துறையான அய்தாபிலிருந்து அண்ணனுக்குக் கடிதம் போட்டான். நினைத்த சரக்கு அங்கே இல்லை, ஆகவே இந்தியாவுக்கே போகிறேன் என்று. இந்தியக் கடலில் முழுகிப்போனான், பிறர் கொடுத்த பணத்தோடு. அண்ணன் ஏறத்தாழ ஒரு வருடம் படுக்கையில் கிடந்தார். தம்பியின் அந்தக் கடிதமும் இருக்கிறது.

ஹலேவி 1140இல் அலெக்சாந்திரியாவில் வந்து இறங்கினார். பென் யிஜு மங்களூரில் செம்பு நிறுத்த காலமும் ஏறத்தாழ அதுவே. தமிழ்நாட்டில் சோழன் இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சி, 1133 முதல் 1150 வரை. பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெரியபுராணம் பாடியது அவன் காலத்தில்தான். அதில் ஆவடிக்கு அப்பால் உள்ள திருநின்றவூர்ப் பூசலார் வருகிறார். கோயில் கட்டக் காசு கிடைக்காமல், அஸ்திவாரம் முதல் சிகரம் வரை மனசுக்குள்ளேயே கட்டி முடித்தவர்.

சேக்கிழார் கைப்பட எழுதிய ஓலை ஒன்றும் நம்மிடம் இல்லை. நம் ஈரக்காற்றுக்கும் கரையானுக்கும் ஓலையின் ஆயுசு சில நூறு வருடம். அதற்குள் யாராவது பெயர்த்து எழுதியாக வேண்டும். பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தில்லைக் கதையே இருக்கிறது: அறையைத் திறந்தால் தேவார ஏடுகள்மேல் புற்று. நம்மிடம் எஞ்சியவை யாராவது விரும்பிப் பெயர்த்து எழுதியவை. பட்டறைக் கணக்கை யார் உட்கார்ந்து பெயர்த்து எழுதுவார்கள்? பென் யிஜுவின் தாள் மங்களூரிலேயே தங்கியிருந்தால் நாலு மழைக்காலம் தாங்கியிருக்காது.

தாள் தங்கவில்லை. 1149இல் பென் யிஜு பிள்ளைகளோடும் மூட்டை முடிச்சோடும் ஏடனுக்குப் போனார். அவருடைய சொந்த ஊரான மஹ்தியாவைச் சிசிலியின் அரசன் ரோஜர் முந்தின வருடமே பிடித்துவிட்டிருந்தான். உடன்பிறந்தவர்கள் சிசிலியில் கையில் காசில்லாமல். அவர்களைத் தேடி உருக்கமாகக் கடிதம் எழுதினார். கடைசியில் ஃபுஸ்தாத்தில் மகளைச் சகோதரர் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார். அவரோ பின்னால் வந்தவர்களோ, எதற்கும் உதவாத பழைய காகிதம் என்று ஏணியில் ஏறிப் போட்டிருக்க வேண்டும். எகிப்தின் வறண்ட காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து இரட்டைச் சகோதரிகள் வாங்கிவந்த ஒரு பழைய தாள் துண்டைப் பார்த்துவிட்டு, கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் கெய்ரோவுக்குக் கிளம்பினார். புழுதியில் இருமிக்கொண்டே கிட்டத்தட்ட 1,90,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்கு அள்ளிக்கொண்டு போனார். கணக்குத் தாள்களை யாரும் பல காலம் சீண்டவில்லை. ஆய்வாளர் எஸ். டி. கோய்தைன்தான் இந்திய வியாபாரத் தாள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். முடிப்பதற்குள், 1985இல், இறந்துபோனார். மொர்தெகாய் ஃப்ரீட்மன் முடித்துவைத்த முதல் பெரிய தொகுதி 2008இல் வந்தது. நடுவில், 1992இல், அமிதவ் கோஷ் பென் யிஜுவையும் அவருடைய வேறோர் அடிமையையும் தேடிப்போன கதையை 'இன் ஆன் ஆன்டீக் லேண்ட்' என்று எழுதிவிட்டார்.

இப்போது கேம்பிரிட்ஜில் உள்ள தாள்களின் படங்கள் இணையத்தில் கிடக்கின்றன. திருவள்ளூர் லோக்கலில் நின்றுகொண்டே போனில் பெரிதாக்கிப் பார்க்கலாம். முன்பக்கம் ஏடன்காரர் கை, பின்பக்கம் மங்களூர்க் கை. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் இடம் தீர்ந்துபோய், வரி ஓரத்தில் திரும்பி மேலே ஏறுவது தெரிகிறது. எங்கள் அம்மா காலண்டர் தாளில் பால் கணக்கு எழுதுவதும் அப்படித்தான், முருகன் படத்தின் வேலைச் சுற்றிக்கொண்டு.