கோல்ஃப் கிரிப்: தேர்வும் சோதனையும்

கோல்ஃப் மட்டைத் தண்டின் மேல்முனையில், ஆடுபவர் கை வைக்கும் இடத்தில் மாட்டப்படும் உறை கிரிப் எனப்படுகிறது. பெரும்பாலும் ரப்பரால் ஆனது. சுமார் பத்தரை அங்குல நீளமும் ஏறத்தாழ 50 கிராம் எடையும் கொண்டது. மேலே ஒரு மூடியும் அதன் நடுவில் சிறு துளையும் இருக்கும். கீழே போகப் போக உறை சற்றே மெலியும். மட்டைத் தலைக்கும் தண்டுக்கும் பல்லாயிரம் ரூபாய் செலவழிப்பவர்கள்கூட, மட்டையோடு வந்த கிரிப்பை அது வழவழப்பாகித் தேயும்வரை மாற்றுவதில்லை. ஆட்டத்தில் உடம்பு மட்டையைத் தொடும் இடம் இது ஒன்றுதான் என்பதால் இந்த அலட்சியம் வியப்பானது. ஆட்டக்காரர் ஹாரி வார்டன் பரப்பியதைப் போல, இரு கைகளையும் மட்டையில் சேர்த்து வைக்கும் முறைகளையும் கிரிப் என்றே சொல்வதுண்டு. இக்கட்டுரை உறையைப் பற்றி மட்டும் பேசுகிறது.

சமவெளியும் மலையும்

இந்தியாவில் கோல்ஃப் 1829-இல் கல்கத்தாவில் தொடங்கியது. தெற்கே பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876-இல் உருவானது. தமிழ்நாட்டில் சென்னை கிண்டி, நந்தனம், கோவை செட்டிபாளையம், ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல் ஆகிய இடங்களில் திடல்கள் அமைந்தன. கடல் கடந்தால், இலங்கையின் நுவரெலியாவில் 1889-இல் தொடங்கிய கிளப் உண்டு. மதுரை வட்டாரத்துக்காரர் மலையேறிப் போகும் திடல், 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பினுடையது.

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், யானைமலை அடிவாரத்தில் இருக்கும் ஒத்தக்கடையில் கோல்ஃப் திடல் கிடையாது. இருந்தாலும் கிரிப் தேர்வின் சிக்கலை விளக்க இந்த ஊர் வசதியானது. இங்கே இருந்துகொண்டு ஆடுபவர் பயிற்சியைச் சமவெளி வெயிலில் வலை கட்டிச் செய்கிறார்; ஆட்டத்தை ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தள்ளி, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், மூடுபனியில் ஆடுகிறார். கோடையில் மதுரைப் பக்கம் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். அங்கே உள்ளங்கை வியர்வையால் நனைகிறது. கொடைக்கானலில் கை குளிர்ந்து விறைக்க, உறையே பனியில் நனைகிறது. ஒரே மட்டை இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

ஈரத்தில் ரப்பர் எப்படிப் பற்றும் என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஒத்தக்கடையைத் தாண்டி அதே சாலையில் இருக்கும் வெள்ளரிப்பட்டியில்தான் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் இருசக்கர வாகன டயர் தொழிற்சாலை இயங்குகிறது. அதன் டயர்கள் யூரோகிரிப் என்ற பெயரில் விற்பனையாகின்றன. டயரில் நீரை வெளியேற்ற வெட்டுகள் இருப்பதற்கும் கோல்ஃப் கிரிப்பின் மேல் நுண்ணிய பள்ளங்கள் இருப்பதற்கும் காரணம் ஒன்றே: ரப்பருக்கும் எதிர்ப்பரப்புக்கும் நடுவே நீர்ப்படலம் தங்கக் கூடாது.

தோலிலிருந்து ரப்பருக்கு

மரத்தண்டு மட்டைகளின் காலத்தில் கிரிப் என்று தனியே ஒரு பொருள் இல்லை. தண்டின் மேல் கம்பளித் துணிப்பட்டையைச் சுற்றி, அதன் மேல் ஆட்டுத்தோல் அல்லது மாட்டுத்தோல் பட்டையைச் சாய்வாகச் சுற்றிக் கட்டுவார்கள். தோல் கைக்கு இதமானது. வெயிலில் காய்ந்தால் கல்லாகும், மழையில் நனைந்தால் வழுக்கும். 1920-களில் எஃகுத் தண்டுகள் அனுமதிக்கப்பட்ட பிறகும் தோல் பட்டையே தொடர்ந்தது. 1925-இல் சிகாகோவில் தொடங்கிய லாம்கின் நிறுவனம் தோல் கிரிப்புகளைச் செய்தே பெயர் பெற்றது.

மாற்றம் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் தாமஸ் ஃபாவிக். காற்றழுத்தம் ஏற்றிய ரப்பர் குழாயால் இயங்கும் கிளட்ச் ஒன்றை உருவாக்கியிருந்த அவர், 1940-களின் இறுதியில் ரப்பரைக் கோல்ஃப் மட்டைக்குக் கொண்டுவந்தார். அவர் தொடங்கிய கோல்ஃப் பிரைட் நிறுவனத்தின் தொடக்கம் 1949 எனக் கணக்கிடப்படுகிறது. சில ஆண்டுகளில், தண்டின் மேல் உறைபோல் அப்படியே இழுத்து மாட்டும் கிரிப் வந்தது. 1958 அமெரிக்க ஓப்பன் போட்டியை டாமி போல்ட் இத்தகைய ரப்பர் கிரிப்புகளோடு வென்ற பிறகு தோல் பட்டையின் காலம் முடியத் தொடங்கியது. தேர்ந்த கைவினைஞர் மட்டுமே செய்ய முடிந்த வேலையை, கத்தியும் டேப்பும் வைத்திருக்கும் எவரும் வீட்டுத் திண்ணையில் செய்துகொள்ளலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது.

பொருள்

இன்று விற்கும் கிரிப்புகளை மூன்று வகைக்குள் அடக்கலாம். முதலாவது, இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் கலந்த சாதாரண ரப்பர் கிரிப். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்தில் பால் வடிக்கப்படும் இயற்கை ரப்பருக்கு இழுவையும் பற்றும் அதிகம். ஆனால் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் அது வெடிப்பு விடும். அந்தக் குறையை ஈடுகட்டவே ஈபிடிஎம் போன்ற செயற்கை ரப்பரைச் சேர்க்கிறார்கள். கறுப்பு கிரிப்பில் சேரும் கார்பன் கரி புற ஊதாக் கதிரைத் தாங்க உதவுகிறது. வண்ண கிரிப் கண்ணுக்கு அழகு. நம் வெயிலுக்குக் கறுப்பே மேல்.

இரண்டாவது, ரப்பருக்குள் பருத்தி நூலிழைகளைப் பதித்த கார்டு கிரிப். வியர்வையிலும் மழையிலும் இதற்கு இணை இல்லை. இழை ஈரத்தை வாங்கிக்கொண்டு சொரசொரப்பைக் காக்கிறது. கையுறை போடாத கையை அது உராய்ந்து புண்ணாக்கவும் செய்யும். வயல்வேலையிலோ பட்டறையிலோ காய்த்துப்போன கைக்கு இது ஒரு பொருட்டல்ல, மற்றவர்களுக்குத்தான் தொல்லை. கையுறை அணியும் மேல்கைப் பகுதியில் நூலிழையும், வெறுங்கை படும் கீழ்ப்பகுதியில் வெறும் ரப்பரும் வைத்த கலப்பு வகை இந்தத் தொல்லைக்கு விடையாக வந்தது. மதுரைச் சமவெளியில் பழகி மலையில் ஆடுபவருக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கலப்பு வகையைத்தான்.

மூன்றாவது, பாலியூரித்தேன் பட்டை சுற்றியது போன்ற மென்மையான கிரிப். மூட்டுவலி உள்ளவர்களுக்கும் மணிக்கட்டு அதிர்வு தாங்காதவர்களுக்கும் ஏற்றது. விரைவில் தேயும்.

கிரிப் வழுக்கினால் நடப்பது மட்டை கையைவிட்டுப் பறப்பது மட்டுமல்ல. அது அபூர்வம். வழுக்குமோ என்ற ஐயத்தில் கை தானாகவே இறுக்கிப் பிடிக்கிறது. முன்கைத் தசை விறைக்கிறது. மணிக்கட்டு மடங்கி விரியும் வேகம் குறைகிறது. பந்து தூரம் போவதில்லை. தேய்ந்த கிரிப்போடு ஆடுபவர் பெரும்பாலும் குற்றத்தைத் தன் வீச்சின் மேலேயே போட்டுக்கொள்கிறார்.

அளவு

பொருளைவிட அளவு முக்கியம். ஆண்களுக்கான சாதாரண அளவு கிரிப், மாட்டிய பிறகு மேல்முனையிலிருந்து இரண்டு அங்குலம் கீழே ஏறத்தாழ 0.9 அங்குலம், அதாவது 22.9 மி.மீ. விட்டம் இருக்கும். மிட்சைஸ் என்பது அதைவிட 1.6 மி.மீ. அதிகம், ஜம்போ 3.2 மி.மீ. அதிகம். வழக்கமான கைச்சோதனை இது: கையுறை அணியும் கையால் மட்டையைப் பிடித்தால், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகள் கட்டைவிரலடிச் சதையை லேசாகத் தொட வேண்டும். விரல் சதைக்குள் புதைந்தால் கிரிப் மெலிது. தொடாமல் இடைவெளி விட்டால் தடிமன்.

மெலிந்த கிரிப்பில் கைகள் அதிகம் சுழன்று, வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் வளையும் என்றும், தடித்த கிரிப் சுழற்சியை அடக்கிப் பந்தை வலப்பக்கம் விடும் என்றும் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். இது எல்லோருக்கும் பொருந்தும் விதி அல்ல. அமெரிக்காவின் பப்பா வாட்சன் கிரிப்புக்கு அடியில் பல அடுக்கு டேப் சுற்றித் தடிப்பாக்கி ஆடுபவர். பந்தை இரு பக்கமும் வளைத்து அடிப்பதில் அவருக்கு நிகரானவர் குறைவு. ஆகவே இந்தச் சூத்திரத்தைச் சோதனைக்குத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது உறையின் உட்பக்க விளிம்பில் 58, 60, 62 போன்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அது உள்விட்டத்தை அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்காகக் குறிக்கிறது. 0.600 அங்குலத் தண்டில் 60 மாட்டினால் சாதாரண அளவு வரும். அதே தண்டில் 58 மாட்டினால் ரப்பர் அதிகம் விரிந்து கொஞ்சம் தடிக்கும். 62 மாட்டினால் கொஞ்சம் மெலியும். கடைக்காரர் எண்ணைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தால், தண்டின் விட்டத்தைச் சொல்லி மாற்றிக் கேட்பதே சரி. நுண்ணிய திருத்தத்துக்கு அடியில் ஒரு சுற்றுக் காகித டேப் போதும். ஒரு சுற்று விட்டத்தை ஏறத்தாழ 0.4 மி.மீ. கூட்டும்.

எடையும் கணக்கில் உண்டு. கிரிப் நான்கைந்து கிராம் கூடினால் மட்டைத் தலை கையில் அந்த அளவுக்கு லேசாகத் தோன்றும். 50 கிராம் கிரிப்பைக் கழற்றி 65 கிராம் ஜம்போ மாட்டியவர், “மட்டையே மாறிவிட்டது” என்று சொன்னால் அது மனப்பிரமை அல்ல.

சோதனை

பெருநகரக் கடைகளில் குட்டைத் தண்டுகளில் மாட்டிய மாதிரிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். குளிரூட்டிய அறையில் அவற்றைப் பிடித்துப் பார்த்து முடிவெடுப்பதில் பயன் குறைவு. உள்ளங்கை காய்ந்திருக்கும்போது எல்லா கிரிப்பும் நல்ல கிரிப்தான். அளவைப் பார்க்க அந்த மாதிரிகள் போதும். பொருளைப் பார்க்க வெயில் வேண்டும்.

ஆகவே தனி கிரிப்பாக இரண்டு மூன்று வகைகளை வாங்கி, அடிக்கடி பயன்படும் 7-ஆம் எண் இரும்பு மட்டையிலும் அதற்கு அடுத்த 6, 8 எண் மட்டைகளிலும் மாட்டிப் பார்ப்பது நல்லது. காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது கொஞ்சம், பத்து மணிக்கு மேல் வியர்த்த கையோடு கொஞ்சம் என அடிக்க வேண்டும். கடைசிப் பந்துகளில் கை எங்கே நகர்ந்திருக்கிறது, கையுறையில் எந்த இடம் தேய்கிறது, எது பிடியை இறுக்க வைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மலைக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் அதே மட்டைகளை நனைந்த புல்லில் ஒரு சுற்று ஆடிப் பார்க்கலாம். பந்து எங்கே விழுந்தது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரே ஆட்டக்காரரின் அடுத்தடுத்த அடிகளே அவ்வளவு வேறுபடும்.

மாட்டுதல்

பழைய கிரிப்பைக் கொக்கி வடிவ அலகால் நீளவாக்கில் கீறி உரிக்க வேண்டும். கார்பன் நாரால் ஆன தண்டில் நேரான பிளேடு போட்டால் நார் வெட்டுப்படும்; தண்டே போய்விடும். பழைய டேப்பைச் சூடுகாட்டிச் சுரண்டிவிட்டு, இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டி, முனையில் மிஞ்சுவதைத் தண்டின் துளைக்குள் மடித்துவிட வேண்டும். மூடியின் துளையை விரலால் அடைத்து கிரிப்புக்குள் கரைப்பானை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் வழியவிட்டு, தயங்காமல் ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். நடுவில் நின்றால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கிரிப்பின் மேலுள்ள கோட்டை மட்டை முகத்தோடு நேராக்க ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். பிறகு ஓர் இரவு காய வேண்டும்.

டேப்பும் டர்பன்டைனும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கையில் இருக்கிறதே என்று பெட்ரோலை ஊற்றுவது தவறு: எளிதில் தீப்பிடிக்கும், இயற்கை ரப்பரை ஊதவும் வைக்கும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிடும்.

சோதனைக்கு மட்டும் மாட்டுபவர்களுக்கு வேறு வழி உண்டு. ஒருபக்கம் மட்டும் ஒட்டும் டேப்பைத் தண்டில் சுற்றி, மூடித் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தினால் கிரிப் விரிந்து நழுவி ஏறும். கழற்றும்போதும் அப்படியே நழுவி வரும். கீறாமல் கழற்றுவதால் பிடிக்காத கிரிப்பை இன்னொரு மட்டைக்கு மாற்றலாம். பஞ்சர் கடைக் காற்று இதற்குப் போதும். அழுத்தத்தை மெல்லக் கூட்டாவிட்டால் கிரிப் பலூனாக உப்பிக் கிழியும்.

விதிகள்

பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டர் தவிர்த்த 13 மட்டைகளிலும் கிரிப்பின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்க வேண்டும். நீளம் முழுதும் நேராக ஓடும் சிறு மேடு மட்டும் அனுமதி. விரல் பதிய அச்சு வார்த்த பயிற்சி கிரிப்புகள் போட்டிக்கு ஆகாது. பட்டருக்குத் தட்டை முகப்பு கிரிப் மாட்டலாம். 2007-இல் தென்கொரியாவின் கே. ஜே. சோய் மிகத் தடித்த பட்டர் கிரிப்போடு அமெரிக்காவில் வென்ற பிறகு அந்த வகை பெருகியது. எந்த கிரிப்பின் தடிமனும் 1.75 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வியர்வைக்காரர்களுக்கு உதவும் விதியும் உண்டு: ஆட்டத்தின் நடுவே ஈரம் உறிஞ்சும் பொடி பூசலாம், சாதாரணக் கையுறை அணியலாம், கிரிப்பைச் சுற்றித் துண்டோ கைக்குட்டையோ கட்டிக்கொண்டு அடிக்கலாம்.

பராமரிப்பு

ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 40 சுற்றுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது கிரிப் விற்பவர்களின் கணக்கு. அழுக்கும் வியர்வை உப்பும் படிந்த கிரிப்பை மாற்றுவதற்கு முன், பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் மென்மையான பிரஷும் கொண்டு தேய்த்து, நிழலில் உலர்த்திப் பார்க்கலாம். பல கிரிப்புகளுக்கு அதிலேயே பழைய பற்று திரும்பும். திரும்பாமல் பளபளத்தாலோ விரல்படும் இடத்தில் வெடிப்புத் தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். பதின்மூன்றையும் ஒரே நாளில் வாங்கிவிடாமல், சோதித்து மனதுக்குப் பிடித்த பிறகு வாங்குங்கள். சித்திரை வெயிலில் காரின் டிக்கிக்குள் மட்டைப் பையை விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் எந்த நாட்டு ரப்பரும் சீக்கிரம் இறுகிப்போகும்.