கழுத்து நெறிக்கட்டு: கண்டமாலை முதல் ஊசிப் பரிசோதனை வரை

கழுத்திலுள்ள நிணநீர்க்கணுக்கள் வீங்கித் திரள்வதை மக்கள் 'நெறி கட்டுதல்' என்பர். இது தனியொரு நோயன்று, நோயின் அடையாளம். வாய், தொண்டை, பல், காது, தலைத்தோல் ஆகியவற்றிலிருந்து வடியும் நிணநீரை இக்கணுக்கள் வடிகட்டுகின்றன. அப்பகுதிகளில் கிருமி புகுந்தாலும் புற்றுநோய் தோன்றினாலும் முதலில் வீங்குபவை பெரும்பாலும் இவையே. வீக்கத்தின் தோற்றத்தைக் கொண்டு பெயரிட்ட காலம் மாறி, காரணத்தைத் தேடி மருந்து தரும் காலம் வந்ததில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

பழைய பெயர்கள்

கழுத்தைச் சுற்றி மாலை கோத்ததுபோல் வரிசையாகக் கட்டிகள் திரளும் நிலையைத் தமிழ் மருத்துவ மரபு 'கண்டமாலை' என்றது. ஆயுர்வேத நூல்களும் இதனை அறிந்திருந்தன. இங்கிலாந்தில் இந்நோய் 'அரசனின் நோய்' எனப்பட்டது. மன்னர் தொட்டால் குணமாகும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். பின்னாளில் அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன் குழந்தையாக இருந்தபோது, 1712இல் ஆன் அரசியிடம் கொண்டு செல்லப்பட்டார். அரசி தொட்டும் நோய் தீரவில்லை. அறுவை செய்த தழும்புகள் அவருக்கு வாழ்நாள் முழுதும் இருந்தன.

1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக பெர்லினில் அறிவித்தார். நுரையீரலை அரிக்கும் அதே நோய்தான் கழுத்திலும் கட்டிகளாகத் திரள்கிறது என்பது அதன்பின் உறுதிப்பட்டது. ஐரோப்பாவில் மாட்டுக் காசநோய்க் கிருமி கலந்த பச்சைப் பால் இதற்கொரு முக்கியக் காரணமாக இருந்தது. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் நாட்டில், காசநோயாளியின் இருமலால் காற்றில் பரவும் கிருமியே முதன்மைக் காரணமாகும்.

வடசென்னை

காற்றில் பரவும் நோய்க்கு நெருக்கமான குடியிருப்பு துணைபோகும். இராயபுரத்தில் 1856இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. துறைமுகமும் ஆலைகளும் வளர வளர, வேலை தேடி வந்தோர் சிறு அறைகளிலும் குடிசைகளிலும் நெருங்கி வாழ்ந்தனர். பின்னர்த் தொழிற்சாலைகள் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீண்டன.

இப்பகுதி மக்கள் நோய்க்கு நாடிய பெரிய மருத்துவமனை ஸ்டான்லி ஆகும். பதினெட்டாம் நூற்றாண்டின் பஞ்சக் காலத்தில் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் தொடர்ச்சியாக வளர்ந்ததால், அதற்குக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. தண்டையார்பேட்டையில் தொற்றுநோய்களுக்கெனத் தனி மருத்துவமனை உள்ளது. தொண்டை அடைப்பான் நோயிலும் கழுத்துக் கணுக்கள் வீங்கிக் கழுத்தே பருத்துவிடும். தடுப்பூசி பரவியபின் அந்நோய் வெகுவாகக் குறைந்தது.

சென்னை ஆய்வுகள்

காசநோயாளியைச் சானடோரியத்தில் பிரித்து வைப்பதே ஒரு காலத்தில் முறையாக இருந்தது. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவுரி முத்து அத்தகைய சானடோரியத்தை நிறுவினார். ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் போதவில்லை. 1956இல் சென்னையில் காசநோய் வேதிமருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நுரையீரல் காசநோயுள்ள ஏழை நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்கு வீட்டிலும், மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகள் தரப்பட்டன. முடிவுகள் 1959இல் வெளியாயின. நெருக்கடியான வீடும் குறைந்த உணவும் இருந்தும், வீட்டில் மருந்து உண்டவர்கள் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே குணமடைந்தனர். அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலக நாடுகளின் காசநோய்ச் சிகிச்சையை மாற்றிய ஆய்வு இது.

அதே நிறுவனம், நிணநீர்க்கணுக் காசநோய் கண்ட குழந்தைகளுக்கு வெளிநோயாளிகளாகவே ஆறு மாதச் சிகிச்சை அளித்து ஆராய்ந்தது. 1990இல் வெளியான முடிவு, பெரும்பாலோர் குணமடைந்ததைக் காட்டியது. சிகிச்சை முடிந்த பின்னும் சிலருக்குக் கட்டி முழுதும் கரையாமல் இருந்தது. கட்டி எஞ்சியிருப்பதாலேயே மருந்து பலிக்கவில்லை என்று கொள்ளலாகாது. இந்நிறுவனமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

காரணத்தைக் கண்டறிதல்

கட்டியின் தன்மை முதல் தடயம் தரும். தொண்டைப்புண், சொத்தைப்பல், தலைப்புண் ஆகியவற்றால் வருவது வலியுடன் திடீரென வீங்கி, பெரும்பாலும் சில வாரங்களில் வடியும். காசநோய்க் கட்டி பொதுவாக வலியின்றி மெல்ல வளரும். பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சில வேளை உடைந்து சீழ் வடியும். கல்போல் இறுகி அசையாதிருப்பது புற்றுநோயாக இருக்கலாம். புகையிலை மெல்வோருக்கு வரும் வாய்ப் புற்றுநோய் கழுத்துக் கணுக்களுக்கே முதலில் பரவுகிறது. இரப்பர்போல் நெகிழ்ந்திருப்பது நிணநீர்ப் புற்றாக இருக்கலாம். எச்.ஐ.வி. தொற்றும் கணுக்களை வீங்கச் செய்யும்; காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும்.

எனினும் கையால் தடவிப் பார்த்து முடிவு கூற இயலாது. 1930இல் நியூயார்க்கில் மார்ட்டினும் எல்லிசும் ஊசியால் கட்டியிலிருந்து உயிரணுக்களை உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை விவரித்தனர். இன்று பரவலாக முதலில் செய்யப்படுவது அதுவே. தெளிவு கிடைக்காவிடில் கணுவை அகற்றித் திசுவை ஆராய்வர். அகற்றிய திசு முழுவதையும் ஃபார்மலினில் இட்டால் கிருமி இறந்துவிடும். எனவே கிருமி வளர்ப்புக்கு ஒரு பகுதியை உப்புநீரில் தனியே அனுப்ப வேண்டும். கிருமியின் மரபணுவைச் சில மணி நேரத்தில் கண்டறியும் சோதனையை உலக நலவாழ்வு அமைப்பு 2010இல் ஏற்றுப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அது காட்டும்.

நுரையீரல் பாதிக்கப்படாமல் கழுத்துக் கணுவில் மட்டும் காசநோய் உள்ளவரிடமிருந்து நோய் பிறருக்குத் தொற்றுவதில்லை. இருந்தும் தட்டும் டம்ளரும் பிரித்து வைக்கப்படுவதும், மணமாகாத பெண்ணின் கட்டி துப்பட்டாவால் மறைக்கப்படுவதும் தொடர்கின்றன. மறைப்பதால் தாமதமும், தாமதத்தால் சீழும் தழும்பும் வருகின்றன. சிகிச்சையின் நடுவே கட்டி சற்றுப் பெரிதாவதும் உண்டு; அதைக் கண்டு மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேல் வடியாத கட்டியை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காசநோய் மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.