சுண்டுக்குளியிலிருந்து ஒருங்குறி வரை: தமிழ் எழுத்து இயந்திரம் ஏறிய வரலாறு

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஆக்கங்கள் வந்து சேரத் தொடங்கிய நாட்களில் மலர்க்குழுவினராகிய நாம் எதிர்கொண்ட முதற் சிக்கல் எழுத்துச் சிக்கலாகவே இருந்தது. மூத்த சகோதரிகள் சிலர் கோடிட்ட தாளில் மையினால் எழுதி அனுப்பினர். எமது வயதினர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அனுப்பினர். அண்மையில் கல்லூரியை விட்டுச் சென்ற தங்கைகள் கைத்தொலைபேசியிலேயே ஒருங்குறியில் எழுதி அனுப்பினர். இவற்றுக்கிடையே முன்னைய மலரொன்றின் கணினிப் பிரதியும் எமக்குக் கிடைத்தது. அதைத் திறந்தபோது தமிழ் இருக்கவில்லை. ஆங்கிலச் சிற்றெழுத்துகளும், அவற்றுக்கிடையே வரிக்கு வரி அரைப்புள்ளிகளுமே திரையை நிறைத்திருந்தன. எம்மைவிட்டு மறைந்த ஆசிரியை ஒருவர் பற்றிய நினைவுக் கட்டுரை அதனுள்ளேதான் இருந்தது.

அந்தக் கட்டுரையை மீட்டெடுக்க முயன்றபோதே, தமிழ் எழுத்து இயந்திரத்தில் ஏறிய வரலாற்றைத் தேடிப் படிக்கும் ஆவல் எமக்கு ஏற்பட்டது. அவ்வரலாற்றின் தொடக்கம் எமது குடாநாட்டிலேயே இருப்பதை அறிந்து மகிழ்ந்தோம்.

தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவரெனப் போற்றப்படும் ஆர். முத்தையா 1886ஆம் ஆண்டு சுண்டுக்குளியிற் பிறந்தவர். 1907இல் மலாயாவுக்குச் சென்று, பின்னர் சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றில் 1930 வரை பணியாற்றினார். அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் நொடியில் அச்சாகி வெளிவந்த காலம் அது. தமிழுக்கும் அத்தகைய பொறி வேண்டுமென அவர் எண்ணினார். ஆனால் ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் எங்கே, தமிழின் 247 எழுத்துகள் எங்கே? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என அத்தனைக்கும் தனித்தனி விசை வைக்க எந்தப் பொறியிலும் இடமில்லை.

முத்தையா கண்ட வழி, அரிவரி வகுப்பில் நாம் எழுத்துக் கூட்டிய வழியை ஒத்தது. அரவு, கொம்பு, சங்கிலிக்கொம்பு முதலியவற்றைத் தனி விசைகளாக்கினார். புள்ளி, விசிறி போன்றன எழுத்தின் மேலேயே அமையவேண்டியவை. இவற்றுக்கு நகரா விசையைப் பயன்படுத்தினார். சாதாரண விசையை அழுத்தினால் தாள் ஓரெழுத்தளவு நகரும். நகரா விசையை அழுத்தினால் குறி பதியும், தாள் நகராது. அடுத்து மெய்யெழுத்தை அழுத்த, அது அக்குறியின் கீழேயே வந்து பொருந்தும். இவ்வாறு 247 எழுத்துகளும் ஒரு விசைப்பலகைக்குள் அடங்கின. ஜேர்மனியின் சைடல் அன்ட் நௌமன் நிறுவனம் அப்பொறிகளைச் செய்தது. மின்சாரமோ மின்னணுவோ கலவாத அந்தத் தீர்வு, எழுத்தை உறுப்புகளாகப் பிரித்து மீண்டும் சேர்ப்பதாகும். பின்னாளில் கணினியும் இதே கேள்விக்கே விடை தேட வேண்டியிருந்தது.

தட்டச்சு எமது பெண்களின் வாழ்விற் பெற்ற இடத்தையும் இங்கே குறிப்பிடவேண்டும். க.பொ.த. பரீட்சை முடிந்ததும் “சும்மா வீட்டில இராமல் ரைப்பிங் பழகு” என்று அம்மாமார் எம்மை அனுப்பிவைத்த வகுப்புகளை எம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். விரல்களை மறைத்துக்கொண்டு, பலகையைப் பார்க்காமல் அடிக்கப் பழகினோம். அந்தப் பழக்கமே பலருக்கு முதல் வேலையையும் முதற் சம்பளத்தையும் தந்தது. கல்லூரி வினாத்தாள்கள் ஸ்ரென்சிலில் வெட்டப்பட்டு றோணியோவில் உருண்டு வந்ததும் அவ்வாறான கைகளாலேயே. ஆனால் அந்நாளில், விசையை அழுத்துவது பெண்களின் வேலை, பொறியைத் திறந்து பார்ப்பது ஆண்களின் வேலை என்றொரு எண்ணம் எழுதாச் சட்டமாக இருந்தது.

அந்தச் சட்டத்தைப் போர்க்காலம் ஓரளவு உடைத்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போனது. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெய் பொன்னைப் போலானது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு எண்ணெயும் இட்டுத் திரி கொளுத்திப் படித்தோம். செய்தி கேட்பதற்குத் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றினோம். தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இருவாயிகளைக் கோத்து ஒன்றை மற்றதாக்கும் சுற்றைப் பௌதிகப் பாடத்திற் படித்த மாணவிகள், வீட்டு முற்றத்தில் அதைக் கையாற் செய்தும் பார்த்தனர். 1831இல் மைக்கல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலை நாம் பரீட்சைக்காக மட்டும் படிக்கவில்லை. அண்ணன் மிதியைச் சுற்ற, தங்கை கம்பியைப் பொருத்த, செய்தி ஒலித்தது.

இதே காலத்தில் வெளியுலகில் தமிழ் கணினிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கணினியின் அடிப்படை எளிமையானது. 1937இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் குளோட் ஷனன் என்ற இளம் ஆய்வாளர் தம் முதுமாணி ஆய்வில் ஒன்றை நிறுவினார். மின் ஆளிகளைத் திறப்பதும் மூடுவதும் ஜோர்ஜ் பூல் என்ற கணித அறிஞரின் தருக்க இயற்கணிதத்துக்கு அமைவன என்பதே அது. ஆளி மூடியிருந்தால் 1, திறந்திருந்தால் 0. எழுத்தும் இலக்கமும் இவ்விரண்டின் கோவைகளாகவே கணினிக்குள் இருக்கின்றன. எந்த எழுத்துக்கு எந்த இலக்கம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாற்றான் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கலாம். ஆங்கிலத்துக்கு அந்த உடன்பாடு 1960களிலேயே ஏற்பட்டது. தமிழுக்கு ஏற்படவில்லை.

எனவே ஆர்வலர்கள் குறுக்குவழியொன்றைக் கையாண்டனர். ஆங்கில எழுத்துகளுக்குரிய இலக்கங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்தனர். கனடாவில் உருவான ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிற்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எனப் பல முயற்சிகள் அக்காலத்தில் எழுந்தன. ஈழத்தமிழர் நடுவே பாமினி எழுத்துரு ஊன்றியது. ரைப்பிங் பழகிய கைகளுக்கு அதன் விசையொழுங்கு பழக்கமானது என்பது அதற்கொரு காரணம். பாமினியில் புள்ளியின் இடம் ஆங்கில அரைப்புள்ளியின் இடமாகும். எழுத்துரு இல்லாத கணினியில் எமது பழைய மலரைத் திறந்தபோது அரைப்புள்ளிகள் மழைத்துளிபோலச் சிதறிக் கிடந்ததன் காரணம் இதுவே. எம் ஆசிரியை பற்றிய கட்டுரை தமிழாகத் தோன்றியதேயன்றி, கணினியைப் பொறுத்தவரை அது ஒருபோதும் தமிழாக இருக்கவில்லை.

இக்குழப்பம் தீரப் பொது உடன்பாடு தேவைப்பட்டது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இலக்கம் வழங்கும் ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்தியாவின் 1988ஆம் ஆண்டுக் குறியீட்டுமுறையைப் பின்பற்றி அவ்வொதுக்கீடு அமைந்தது. உயிர்மெய்கள் அனைத்துக்கும் இடம் கிடைக்கவில்லையே என்ற மனக்குறை தமிழறிஞர் பலரிடம் இருந்தது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகளிற் குறியீடு பற்றியும் விசைப்பலகை பற்றியும் ஆராயப்பட்டது. 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழினுட்ப மன்றம் உருவானது. விண்டோஸ் 2000 வெளிவந்ததோடு ஒருங்குறித் தமிழ் மேசைக் கணினிகளிலும் இடம்பிடித்தது.

ஒருங்குறியில் ‘க’ என்பதன் இலக்கம் 2965. ஒற்றைக்கொம்பின் இலக்கம் 3014. தட்டச்சுப் பொறியிலும் பாமினியிலும் ‘கெ’ எழுதக் கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னரும் அடிப்போம். கண் காணும் ஒழுங்கு அது. ஒருங்குறியோ வாய் சொல்லும் ஒழுங்கைப் பேணுகிறது. ககரம் முதலிலும் கொம்பு பின்னரும் சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது எழுத்தைத் திரையிற் காட்டும் மென்பொருளின் பொறுப்பு. இதனாலேயே கணினி தமிழை அகரவரிசைப்படுத்தவும் சொல்லைத் தேடவும் முடிகிறது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் கட்டளையை வெளியிட்டு, ஒருங்குறித் தமிழையும் ரெங்கநாதன் விசைப்பலகையையும் நாட்டுக்குரியனவாக்கியது. 2019இல், நம் பாட்டன்மார் கணக்கில் வழங்கிய முந்திரி முதலிய பின்னங்களும் பழைய அளவைக் குறிகளும் ஒருங்குறியில் இடம்பெற்றன. 320இல் ஒரு பங்கான முந்திரிக்கும் இன்று ஓர் இலக்கம் உண்டு.

இவை தொழினுட்பருக்குரிய நுணுக்கங்கள் என எண்ணியிருந்த எமக்கு, உறுப்பினர் பட்டியலைத் தொகுத்தபோது பாடம் கிடைத்தது. கௌசல்யா, கௌரி எனப் பெயர் கொண்ட சகோதரிகள் சிலரைத் தேடினால் கணினி “இல்லை” என்றது. ஔகாரக் குறியிட வேண்டிய இடத்தில், கொம்பும் ளகரமும் இட்டு யாரோ தட்டச்சுச் செய்திருந்தனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. பிழை தெரிந்திராவிட்டால் அச்சகோதரிகளின் பெயர்கள் இம்மலரில் விடுபட்டே போயிருக்கும்.

ஓர் எழுத்தின் இலக்கம் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். 1981ஆம் ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தபோது வீட்டு அலுமாரிகளிலிருந்த புத்தகங்களும் பின்னே நின்றன. ஒரே பிரதியாக இருப்பது ஒரே இரவில் இல்லாமற் போகும் என்பதை எமது தலைமுறை கண்ணாற் கண்டது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பாடசாலை மலர்களையும் படமெடுத்து எவரும் வாசிக்க வைத்திருப்பது அந்த அனுபவத்தின் விளைவு. படமாக உள்ள பக்கத்தைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றும் ஆய்வு தமிழுக்கும் இப்போது நடைபெறுகிறது. அவ்வாறு மாறிய எழுத்தைக் காப்பது ஒருங்குறியே.

ஆய்வு எழுத்தோடு நிற்கவில்லை. சொல்லுக்குள்ளும் புகுந்துள்ளது. தமிழில் ஒரு வினையடி நூற்றுக்கணக்கான வடிவங்களைப் பெறும். ‘படித்தேன்’ என்பதைப் படி என்னும் அடி, இறந்தகாலம், தன்மை ஒருமை எனக் கணினி பகுத்தாற்றான் மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும் செம்மையாக அமையும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெ. சர்வேஸ்வரன், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிகான் டயஸ், ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தின் மிரியம் பட் ஆகியோர் இவ்வாறு சொற்பகுக்கும் ‘தமிழிமோர்ஃப்’ என்னும் கருவியை ஆக்கி, 2021இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். பவணந்தியார் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பகுத்த பதவியலும், ஷனன் காட்டிய ஆளிகளின் தருக்கமும் இங்கே ஒன்றாகின்றன. மொறட்டுவையில் அரச ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்குமிடையே மொழிபெயர்க்கும் மென்பொருளும் உருவாக்கப்பட்டுள்ளது. தமிழர் ஒருவருக்கு அரச அலுவலகக் கடிதம் தம் மொழியில் வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் எனப் போற்றப்படும் பிறேமளா சிவசேகரம் 1964இற் பட்டம் பெற்றார். குடிசார் பொறியியல் அவரது துறை. அன்று பொறியியற் கல்விக்காகக் குடாநாட்டைவிட்டுக் கொழும்புக்கோ பேராதனைக்கோ போகவேண்டியிருந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டும் நாற்பது ஆண்டுகள் காத்திருந்தோம். இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இயங்குகிறது. எமது மாணவிகள் மின்னியலும் கணினிப் பொறியியலும் படிக்க வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தூரம் அது. விசையை அழுத்தப் பழகிய தாய்மாரின் பிள்ளைகள் பொறியைத் திறந்து பார்க்கிறார்கள்.

இறுதியாக, எமது பழைய மலரின் கதை. மாற்றி மென்பொருளின் துணையோடு ஆசிரியையின் நினைவுக் கட்டுரையை ஒருங்குறித் தமிழாக்கினோம். ஆனால் அதில் ஆங்கிலத்தில் இருந்த அவரது பட்டங்களும் அவர் படிப்பித்த நூல்களின் பெயர்களும் பொருளற்ற தமிழெழுத்துகளாக மாறிவிட்டன. அவற்றை அவரிடம் படித்த மூத்த சகோதரிகளிடம் தொலைபேசியிற் கேட்டுக் கேட்டே திருத்தினோம். பூஞ்சணம் பிடித்த புளொப்பித் தட்டு ஒன்றிலிருந்த விளையாட்டுப் போட்டி அறிக்கைகளை எந்தக் கருவியாலும் மீட்க முடியவில்லை. அதே அலுமாரியிலிருந்த கூட்டக் குறிப்பேடு மட்டும், கறையான் ஓரத்தை அரித்த நிலையிலும், நீல மையில் வாசிக்கத்தக்கதாக இருந்தது.

ஆகவே சகோதரிகளிடம் எமது வேண்டுகோள் இரண்டு. பெட்டகங்களிலும் பரண்களிலும் உள்ள பழைய மலர்கள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், குழுப்படங்கள் இருப்பின் சங்கத்துக்கு ஒருமுறை இரவல் தாருங்கள். படமெடுத்துத் திருப்பித் தருவோம். இனி எழுதுவதை ஒருங்குறியில் எழுதுங்கள். மூத்தோருக்குத் தங்கைமார் பழக்கிவிடுங்கள். இருநூறாவது ஆண்டு மலரைத் தொகுக்கப்போகும் பிள்ளைகள் எமது பெயர்களைத் தேடும்போது, அவை அவர்களுக்குத் தமிழாகவே கிடைக்கட்டும்.